ஒதுங்க இடமில்லாத வண்டி

சித்தெ நகந்துக்கறயா அம்மிணி? போதும் போதும், நான் ஓரமா ஒட்டிக்குவேன். மூணு பேர் சீட்டுல நாலு பேர் உக்காந்தாக்கூட எனக்கு இப்பெல்லாம் ஒண்ணும் தோணறதில்லை. அமெரிக்கா போயிட்டு வந்ததுல இருந்து எடம் பத்தலைங்கற பேச்சே என்ற வாயில வர்றதில்லை. ஏன் சிரிக்கற? அமெரிக்கான்னா எடம் கொட்டிக் கெடக்கும்னுதானே நெனைக்கற? கெடக்குது. எல்லாம் வெளியில கெடக்குது. உள்ளதான் இல்லை.

நீ கோயமுத்தூர் வரைக்குமா? நானும் அங்கதான் எறங்கறேன். அப்பச் சொல்லலாம். நான் அதிகம் பேசற ஆள் இல்லை, அதையும் கேட்டுக்க. கேட்டாத்தான் பேசுவேன். நீ கேட்டதனால சொல்றேன்.

என்ற மக பேரு மோகனப்பிரியா. மாப்பிள்ளை பேரு நவநீதன். ரெண்டு பேருக்கும் அங்கதான் கம்ப்யூட்டர் வேலை. கொரோனா சமயத்துல அங்கயே கல்யாணத்தை முடிச்சுட்டாங்க. தாலி கட்டறதை நான் கோபியில உக்காந்துட்டு போன்ல பாத்தேன். அதுலயும் தாலி கழுத்துக்கிட்டப் போறப்பப் பாத்து படம் நின்னுபோச்சு. மறுபடி வந்தப்ப எல்லாரும் கேக்கு தின்னுட்டு இருந்தாங்க. பெத்தவளுக்கு எப்படி இருக்கும், நீயே சொல்லு. அதனால அவ உண்டாயிருக்கான்னு தெரிஞ்சதும் ஒரு முடிவு பண்ணுனேன். கட்டுச்சோறு கட்டி வளையல் போடறதாவது மொறையா நடக்கோணும், மொதல் வளையல் என்ற கையாலதான் விழோணும். எங்க ஊட்டுக்காரரு மஞ்சள் வெட்டு இருக்குது, மாட்டை ஆரு பாக்கறதுன்னுட்டு வரலை. நான் ஒருத்தியாவே ஏரோப்ளேன் ஏறிட்டேன்.

அங்க போயி எறங்குனா, வாசக்கதவைத் தொறந்தது ஆருங்கற? பொள்ளாச்சி சம்பந்தி. மாப்பிள்ளையோட அம்மா, கண்ணம்மாள்னு பேரு. எனக்கு முன்னாலயே வந்து உக்காந்திருக்காங்க. "வாங்க சம்பந்தி, காப்பி குடிக்கறீங்களா"ன்னு கேக்கறாங்க. என்ற மக ஊட்டுல, என்னையவே.

தப்பா நெனைக்காத. தங்கமான மனுசி. கொறை சொல்ல ஒண்ணுமில்லை. அந்தக் கொறை சொல்ல ஒண்ணுமில்லாததுதான் எனக்குக் கொறையா இருந்துச்சு. நான் எந்திரிக்கறதுக்கு முன்னால எந்திரிச்சிருப்பாங்க, நான் பாத்திரத்துல கை வெக்கறதுக்கு முன்னால கழுவி வெச்சிருப்பாங்க, சாயங்காலம் ஆனா என்ற மக காலை மடியில தூக்கி வெச்சு அமுக்கி விடுவாங்க. அவங்க ஊட்டுக்காரரு போயிச் சேந்து வருசமாச்சு. வெளுத்த சேலை, மொட்டைக் கை, மகன் வாங்கிக் குடுத்த வாச்சு ஒண்ணு. அதனால நல்லது கெட்டதுன்னா ஆரும் சொல்லாம அவங்களாவே ஒதுங்கிக்குவாங்க. அந்த நாசூக்கு எனக்கு நெம்பப் புடிக்கும்.

மாப்பிள்ளை என்ன பண்ணுனாரு, புள்ள பொறந்துட்டா எங்கயும் நகர முடியாது, இப்பவே ஒரு ஏரிக்கரைக்குப் போயிட்டு வரலாம், வளைகாப்பையும் அங்கயே வெச்சுக்கலாம்னு ஒரு வண்டி எடுத்தாரு. சினிமாக்காரங்க வெச்சிருக்கற கேரவன் பாத்திருக்கயா? அதே மாதிரி, ஊடே வண்டியா ஓடும். அடுப்பு, பிரிட்ஜ், கட்டலு, கக்கூசு எல்லாம் அதுக்குள்ளயே. அதுல ஒரு வித்தை உண்டு. ஓடறப்ப உள்ள ஒடுக்கமா இருக்கும். நிறுத்திப்போட்டு ஒரு பொத்தானை அமுத்துனா, ரெண்டு பக்கத்துச் செவுரும் மேசை டிராயர் மாதிரி வெளிய நகந்துக்கும். சோபாவோட, மேசையோட, அப்படியே போகும். உள்ள கல்யாண மண்டபம் மாதிரி ஆயிரும். மாப்பிள்ளை போன்ல படம் காட்டுனாரு. நான் அப்பவே மனசுக்குள்ள கோலம் போட்டுட்டேன்.

நான் கோபியில இருந்தே பித்தளைக் குத்துவிளக்கு கொண்டு போயிருந்தேன். தண்டு தனியா, தட்டு தனியா, அடிப்பாகம் தனியாக் கழட்டி, சேலைக்குள்ள சுத்தி. தண்டும் தட்டும் பொட்டியில இருந்துக்கும். அடிப்பாகம் கனமில்லையா, வண்டி திரும்பறப்பெல்லாம் உருண்டு உருண்டு என்ற கால்லயே வந்து இடிக்குது. பாத்தேன், சோபாவுக்கு அடியில ஒரு சந்து இருந்துச்சு. கணக்காப் பண்ணி வெச்சாப்பல இருந்துச்சு. விளக்கை அதுக்குள்ள வெச்சு அழுத்துனேன், கிண்ணுன்னு நின்னுக்கிச்சு. சம்பந்தி பாத்துட்டு, "அங்க வெக்கலாமுங்களா?"ன்னாங்க. ஏனுங்க, சாமி விளக்கைக் கால்ல உருள விடறதான்னு கேட்டேன். அவங்க சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

ஏரிக்கரைக்கு மத்தியானம் போயிச் சேந்தோம். பைன் மரம், மேகம், தண்ணி, அழகுன்னா அழகு. மாப்பிள்ளை நிறுத்திப்போட்டு, எல்லாரும் பாத்துக்குங்கன்னு பெருமையாச் சொல்லிப்போட்டு பொத்தானை அமுத்துனாரு. டிர்ர்ருன்னுச்சு. டக்குனு ஒரு சத்தம். நின்னுபோச்சு. மறுபடி அமுத்துனாரு, மறுபடி டக்கு. ஒரு செவுரு கோவிச்சுக்கிட்டதும் இன்னொண்ணும் கோவிச்சுக்கிச்சு. ஒரு பக்கம் சிக்குனா ரெண்டுமே நகராதாம்.

வண்டி குடுத்த கம்பெனிக்கு போன் போட்டாரு. நாளைக்குக் காலையிலதான் ஆளு வரும், அதுவரைக்கும் மூடுன மேனிக்கே இருங்க, வழியில சாமான் ஏதாச்சும் சிக்கியிருக்குதான்னு பாருங்கன்னு சொன்னாங்களாம். மாப்பிள்ளை எல்லாரையும் கேட்டாரு, அடியில ஆராச்சும் சாமான் வெச்சீங்களான்னு. இல்லைன்னு சொன்னேன். நான் ஒண்ணும் வெக்கலையே அம்மிணி. விளக்கு ஒரு சாமானா? அது லச்சுமி. சம்பந்தி வாயத் தொறந்தாங்க, என்னையப் பாத்தாங்க, மூடிக்கிட்டாங்க. அவங்க தலகாணி ஒண்ணை அந்தச் சோபா மேல வெச்சிருந்தாங்க, அதுதான் இழுத்துப்போட்டிருக்கும்னு எனக்கு அப்பவே சந்தேகம். வெளிய சொல்லலை. சம்பந்தி மரியாதைன்னு ஒண்ணு இருக்குதல்ல.

மூடுன வண்டிக்குள்ள நாலு பேரு குடித்தனம் பண்ணுனதைக் கேக்கோணுமே. சோபாவுக்கும் அடுப்புக்கும் நடுவுல ஒரு ஆளு நிக்கலாம், அதுவும் மூச்சை உள்ள இழுத்துட்டு. பிரிட்ஜ் கதவு கை நுழையற அளவுக்குத்தான் தொறக்கும். தயிர்க் கிண்ணம் உள்ள இருக்கறது தெரியுது, எடுக்க முடியலை. விரலை விட்டு விட்டு நக்க வேண்டியதுதான். என்ற மக வகுத்தைத் தூக்கிட்டு மேசைக்குப் பின்னால பெஞ்சுல ஒருவாட்டி உக்காந்தா உக்காந்ததுதான். அவ எந்திரிக்கோணும்னா நாங்க மூணு பேரும் முன்னாலயோ பின்னாலயோ வரிசை கட்டோணும்.

அதுலயும் நானும் சம்பந்தியும் நேருக்கு நேர் வந்துட்டமோ, தீந்துச்சு. நான் பின்னால போகோணும், அவங்க முன்னால வரோணும். "நீங்க வாங்க சம்பந்தி"ங்கறேன். "இல்லீங்க, நீங்க மொதல்ல போங்க"ங்கறாங்க. அதெப்படிங்க, நீங்க மாப்பிள்ளையைப் பெத்தவங்க. அய்யோ, நீங்க பொண்ணைக் குடுத்தவங்க. ஒருத்தருக்கொருத்தர் முதுகு காட்டித் திரும்பறதும் மரியாதையில்லை, இடிச்சுட்டுப் போறதும் மரியாதையில்லை. ரெண்டு பேரும் கையைக் கும்புட்டுக்கிட்டு அப்படியே நிக்கறோம். மாப்பிள்ளை எங்க பின்னால கக்கூசுக்குப் போக நின்னுட்டு ஒத்தக் கால்ல ஆடறாரு. பாவம், பெரிய கம்பெனியில பெரிய வேலை அவருக்கு. கடைசியில சோபா மேல ஏறி, அடுப்பு மேடையில கையூணி, எங்களைத் தாண்டிக் குதிச்சுப் போனாரு. என்ற மக சிரிச்ச சிரிப்புல வகுத்துல இருந்த புள்ளயே உதைச்சிருச்சு. எனக்கு இப்ப நெனைச்சாலும் தாங்கலை, சித்தெ இரு, கண்ணைத் தொடைச்சுக்கறேன்.

இனி முக்கியமான சங்கதிக்கு வர்றேன். கோபி சோசியர் குறிச்சுக் குடுத்த நல்ல நேரம் அந்த ஊரு கணக்குல அன்னிக்குச் சாயங்காலம் வந்துச்சு. அந்த நேரம் பாத்து மழை புடிச்சுக்கிச்சு. மழைன்னா மழை, ஏரி எங்க முடியுது வானம் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியலை. வெளிய வெச்சுக்கலாம்னு நெனைச்சது போச்சு. உள்ளயே பண்ணீரலாம்னுட்டேன். எலுமிச்சஞ்சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் மடியில மடியில வெச்சுக்கிட்டோம். விளக்கோட அடிப்பாகத்தை எடுக்கலாம்னு சோபாவுக்கு அடியில கையை விட்டேன், வண்டி அதைக் கவ்விப் புடிச்சுக்கிச்சு, அசையவே இல்லை. என்ன வண்டியோ கெரகம். தண்டை அரிசி டப்பாவுல நட்டு நிறுத்தி, மேல தட்டை மாட்டித் திரியேத்துனேன். நல்லாத்தான் எரிஞ்சுது.

மாப்பிள்ளை போனைப் புடிச்சுக்கிட்டு கக்கூசு கதவுல சாஞ்சு நின்னாரு. போன்ல என்ற நாத்தனா. கோபியில விடியாலயே எந்திரிச்சு, தலைக்கு ஊத்தி, பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, பாத்துட்டே இருக்கறா. நான் வளையல் தட்டோட மக பக்கத்துல. எனக்குப் பின்னால சம்பந்தி. அவங்களுக்குப் பின்னால மாப்பிள்ளை. எல்லாம் ஒரே வரிசை, ரேசன் கடையாட்டம்.

நான் வளையலைக் கையில எடுத்தேன். அப்பத்தான் என்ற நாத்தனா போன்ல, அண்ணி, பின்னால நிக்கறது ஆரு, அவங்களைச் சித்தெ தள்ளி நிக்கச் சொல்லுங்கன்னா. நான் சொல்லலை அம்மிணி, அவ சொன்னா. நான் வாயே தொறக்கலை. அதை நீ நல்லாக் கேட்டுக்கோணும்.

சம்பந்திக்கு மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆமாங்க, நான் மறந்தே போயிட்டனுங்கன்னு சொல்லிப்போட்டு ஒதுங்கப் பாத்தாங்க. எங்க ஒதுங்கறது? பின்னால மகன். பக்கத்துல சோபா. இந்தப் பக்கம் அடுப்பு. படுக்கை இருக்கற பக்கம் போலாம்னா மூடுன வண்டியில கட்டலை மடிச்சு நிறுத்தியிருக்குது. கக்கூசுக்குள்ள போயி நின்னுக்கறனுங்கன்னாங்க. அந்தக் கதவு தொறக்கோணும்னா மாப்பிள்ளை நகரோணும், அவரு நகந்தா அவங்க மேலயேதான் விழோணும். மாப்பிள்ளை நகரவும் இல்லை. தரையைப் பாத்துட்டு நின்னாரு. அப்பச் சம்பந்தி, "செரி, நான் வெளிய நின்னுக்கறனுங்க, மழைதானுங்களே"ன்னாங்க.

எனக்குப் பாவமாப் போச்சு. நான் என்ன மனசாட்சி இல்லாதவளா? கதவுகிட்டத் தொங்குன குடையை நானே எடுத்துக் குடுத்தேன். நனையாதீங்க சம்பந்தி, சளி புடிச்சுக்கும்னும் சொன்னேன்.

அவங்க கதவுக்கு வரோணும்னா என்னையத் தாண்டோணும். தாண்ட எடமில்லை. அதனால நான் அவங்களைப் பாத்துத் திரும்பி, தட்டோட கதவுப் பக்கமாப் பின்னாலயே நடந்து, கதவைத் தொறந்து, படியில ஒரு கால் வெச்சு ஒதுங்குனேன். சம்பந்தி குடையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஒவ்வொரு அடியா முன்னால வந்தாங்க. என்ற மக உக்காந்திருக்கற எடத்துக்கு நேரா வந்தாங்களா, இவ மேசைக்கு அடியில இருந்து காலை எடுத்து எதிர்ல சோபாவுல முட்டுக் குடுத்தாப்பல நீட்டுனா. வழி அடைச்சுப் போச்சு.

காலை எடு கண்ணு, நல்ல நேரம் போகுதுன்னேன். முதுகுல மழை அடிக்குது எனக்கு.

"அம்மா, நீ உள்ள வரோணும்னா அத்தை வெளிய போகோணும். அத்தை வெளிய போகோணும்னா நான் காலை எடுக்கோணும். நான் எடுக்கறதா இல்லை. தட்டை அத்தைகிட்டக் குடு."

போன்ல என்ற நாத்தனா கத்த ஆரம்பிச்சுட்டா. மாப்பிள்ளை என்ன பண்ணுனாருங்கற? போனை அப்படியே சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டாரு. அங்க இருந்தும் கத்தறா, அண்ணி, இருட்டாயிருச்சு, ஒண்ணும் தெரியலைன்னு. சிரிக்காத, எனக்கு அன்னிக்கு அழுகை வந்துச்சு.

சம்பந்தி கை ரெண்டையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டாங்க. "வேண்டாம் கண்ணு. புள்ளைக்கு ஆகாது."

"தெனமும் என்ற காலை அமுக்கி விடறது இந்தக் கைதானுங்களே அத்தை. அதெல்லாம் புள்ளைக்கு ஆகுது, இது ஆகாதா?"

சம்பந்தி என்னையப் பாத்தாங்க. நான் தட்டைப் பாத்தேன். நான் குடுக்கலை அம்மிணி, சத்தியமா நானாக் குடுக்கலை. நேரம் முடியப் போகுது, பின்னால மழை கொட்டுது, முன்னால போக வழியில்லை. தட்டு தானாப் போச்சு. தாலி கட்டுனதையும் கண்ணால பாக்கலை, மொதல் வளையலையும் வாசப்படியில நின்னு ஈரச்சேலையோட பாத்தேன். எடம் குடுத்தா மடம் புடுங்கறதுன்னு சும்மாவா சொன்னாங்க. இதுல எடமும் நான் குடுக்கலை.

என்ற மகளுக்குக் கையெல்லாம் வீங்கிக் கெடந்துச்சு, நானா இருந்தா ரெண்டு வளையலாவது ஒடைச்சிருப்பேன். சம்பந்தி அவ கட்டை வெரலை மடக்கி, கையைக் குழைச்சு, நீவி நீவி ஏத்துனாங்க. கண்ணாடி வளையலு, பச்சைக் கலரு, ஒண்ணும் ஆகாம ஏறிருச்சு. போட்டு முடிச்சதும் அவங்களுக்குக் கண்ணுல தண்ணி. உடனே திரும்பி, "சம்பந்தி, நீங்களும் போடுங்க, வாங்க"ன்னாங்க. எங்க வர்றது? அவங்க குனிஞ்சு எடம் விட்டாங்க. நான் அவங்க தோள் மேல தாடையை ஊணி, அவங்க கழுத்தைச் சுத்திக் கையை நீட்டி, ரெண்டாவது வளையலைப் போட்டேன். அந்த நேரம் பாத்து விளக்குப் புகைக்கு வண்டிக் கூரையில ஒரு மணி வீல்வீல்னு அடிச்சுது பாரு. கெட்டிமேளம் இல்லாத கொறை தீந்துச்சு. மாப்பிள்ளை துண்டை எடுத்து விசிறுறாரு, பையில நாத்தனா அலறுறா, என்ற மக கையைத் தூக்கி வளையலைக் குலுக்கிக் குலுக்கிச் சிரிக்கறா. நானும் சிரிச்சுட்டேன். அழுதுட்டு இருந்தவதான், எப்படிச் சிரிச்சேன்னு தெரியலை.

மறுநாள் காலையில கம்பெனி ஆளு வந்தான். நல்லா வாட்டசாட்டமா, தாடியோட. தரையில படுத்து டார்ச்சு அடிச்சான், கம்பியை விட்டு நெம்புனான். குத்துவிளக்கு அடிப்பாகத்தை வெளிய எடுத்து, அது என்னன்னு தெரியாம எல்லாருக்கும் தூக்கிக் காட்டுறான். மாப்பிள்ளை என்னையப் பாத்தாரு. நான் சம்பந்தியோட தலகாணியைப் பாத்தேன். விளக்கு மட்டும் அங்க முட்டுக் குடுத்து நிக்கலைன்னா அந்தத் தலகாணி உள்ள போயி இன்னும் எத்தனை சேதம் ஆயிருக்குமோ. லச்சுமிதான் காப்பாத்துனா. இதை அந்த ஆளுகிட்டயும் சொல்லச் சொன்னேன், மாப்பிள்ளை சொல்ல மாட்டேன்னுட்டாரு.

பொத்தானை அமுத்துனதும் ரெண்டு செவுரும் சும்மா வழுக்கிட்டுப் போச்சு. எத்தனை எடங்கற! வெளிச்சம் உள்ள வந்து விழுகுது. நான் மக பக்கத்துல பெஞ்சுல உக்காந்து நல்லாக் காலை நீட்டுனேன். சம்பந்தி காப்பியை எடுத்துக்கிட்டு, எதிர்ப்பக்கத்துச் சோபாவுல கடைசி மூலையில போயி, சன்னலைப் பாத்துட்டு உக்காந்துக்கிட்டாங்க. அவங்களுக்கே தெரியும், எங்க இருக்கோணும்னு. நான்தான் சொன்னனே, நெம்ப நாசூக்கு.

என்ற மக கொஞ்ச நேரம் அந்த மூலையையே பாத்துட்டு இருந்தா. அப்பறம் மேசையைப் புடிச்சு எந்திரிச்சா. இடுப்புல கையை வெச்சுக்கிட்டு, வளையல் சத்தம் கேக்க நடந்து போயி, அந்தப் பொத்தானை அமுத்துனா.

டிர்ர்ருன்னு செவுரு உள்ள வர ஆரம்பிச்சுது. சோபாவும் வருது. சோபாவுல சம்பந்தியும் வர்றாங்க. கையில காப்பி டம்ளரு, சிந்தாமப் புடிச்சுக்கிட்டு, தேர்ல உச்சவரு வர்றாப்பல எங்களைப் பாத்து மெதுவா வர்றாங்க. அவங்களுக்கு ஒண்ணும் புரியலை. எறங்கறதா இருக்கறதான்னு பாக்கறாங்க. மாப்பிள்ளை பல்லுத் தேச்சுட்டு இருந்தவரு வாயில நொரையோட அப்படியே நின்னுட்டாரு. அவங்க முட்டி வந்து என்ற முட்டியில இடிச்சப்பறம்தான் அவ வெரலை எடுத்தா.

சம்பந்தி டம்ளரைப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க, சிரிச்சாங்க பாரு, அப்படி ஒரு சிரிப்பு அவங்ககிட்ட நான் அதுவரைக்கும் பாத்ததில்லை. எனக்கும் அடக்க முடியலை. ஏண்டி மூடுனேன்னு மகளைக் கேட்டேன். குளுருதுன்னா. குளுரவே இல்லை அம்மிணி, வெயில் அடிச்சுட்டு இருந்துச்சு.

அப்பறம் ஊடு திரும்பற வரைக்கும் அதைத் தொறக்கவே விடலை. மண்டபமாட்டம் ஒரு வண்டியை எடுத்துப்போட்டு, பாதியை உள்ளயே மூடி வெச்சு, முட்டியோட முட்டி இடிச்சுக்கிட்டு, தயிரை வெரல்ல நக்கிக்கிட்டுக் குடித்தனம் பண்ணுனோம். சம்பந்திக்கும் வேற போக எடமில்லை, என்ற பக்கத்துலயேதான் உக்காந்திருந்தாங்க. என்னத்துக்கு அப்படிப் பண்ணுனான்னு எத்தனையோ வாட்டி கேட்டுட்டேன், சொல்ல மாட்டேங்கறா. நீ படிச்ச புள்ள, உனக்காச்சும் வெளங்குதா அம்மிணி?